ஒரு சிறிய சிக்கல்

நுழையும்முன்

துன்பத்தையும் முயற்சியையும் குறிக்கும் சொற்கள் அகராதியில் ஓர் அளவாகவும் பேச்சில் வேறோர் அளவாகவும் வழங்குகின்றன. பெரிய இடரைச் சிறியதாகச் சொல்வதும், பட்ட பாட்டை ஒன்றுமில்லை என மறைப்பதும் எல்லா மொழியாரிடமும் காணப்படும் வழக்கங்களே. அன்றாட ஆங்கிலத்தில் இவ்வழக்கம் எவ்வாறு இயங்குகிறது, எங்கே துணைநின்றது, எங்கே உயிர்களுக்கு உலையானது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1982ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24ஆம் நாள் இரவு. இலண்டனிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குச் செல்லும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் ஒன்பதாம் எண் விமானம், கோலாலம்பூரில் தங்கிப் புறப்பட்டு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. போயிங் 747 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தில் பயணிகள் 248 பேரும் பணியாளர் 15 பேரும் இருந்தனர். ஜாவா தீவின் அருகே 37,000 அடி உயரத்தில் சென்றபோது அதன் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. சில நிமிடங்களுக்குள் நான்கும் நின்றுவிட்டன. கலுங்குங் என்னும் எரிமலை உமிழ்ந்த சாம்பல் மேகத்துக்குள் விமானம் புகுந்திருந்தது. இருளில் அம்மேகம் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

விமானத்தின் தலைவர் எரிக் மூடி ஒலிபெருக்கியில் பயணிகளிடம் பேசினார். தங்களுக்கு ஒரு சிறிய சிக்கல் நேர்ந்திருப்பதாகவும், நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டதாகவும், அவற்றை மீண்டும் இயக்கத் தாங்கள் படாதபாடு பட்டுக்கொண்டிருப்பதாகவும், பயணிகள் மிகுந்த கலக்கத்தில் இல்லை எனத் தாம் நம்புவதாகவும் கூறினார். அவ்வளவுதான் அறிவிப்பு. ஆங்கிலம் பேசும் உலகில் இன்றளவும் நினைவுகூரப்படும் அறிவிப்புகளுள் இஃது ஒன்று.

இந்நான்கு தொடர்களையும் சற்று நின்று பார்க்கவேண்டும். இடரைச் சொல்லும்போது அவர் 'ஸ்மால் ப்ராப்ளம்' என்றார். அதாவது சிறிய சிக்கல். முயற்சியைச் சொல்லும்போதோ, அவையில் வழங்கத் தயங்கும் வசைச்சொல் ஒன்றின் உச்ச வடிவத்தைக் கையாண்டார். இடர் சுருங்கியது, முயற்சி பெருகியது. அவர் பொய் சொல்லவில்லை. நான்கு இயந்திரங்களும் நின்ற செய்தியை அடுத்த தொடரிலேயே மறைக்காமல் உரைத்துவிட்டார். 'சிறிய' என்ற சொல் சிக்கலின் அளவைக் குறிக்க வரவில்லை. சொல்பவரின் நிதானத்தைக் காட்ட வந்தது. இருக்கையில் கட்டுண்டு, செய்வதற்கு ஏதுமின்றி அமர்ந்திருந்தவர்களுக்கு அப்போது தேவைப்பட்டதும் அந்த நிதானமே. சிறிது நேரத்தில் விமானம் சாம்பல் மேகத்தைக் கடந்து கீழிறங்கியது. இயந்திரங்கள் மீண்டும் உயிர்பெற்றன. சாம்பல் தேய்த்து மங்கிய முன்கண்ணாடியுடன் அது ஜகார்த்தாவில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.

கலங்கிய நீர்

துன்பத்தைக் குறிக்க ஆங்கிலேயர் மிகுதியாகக் கையாளும் சொல் 'ட்ரபிள்'. இச்சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் இலத்தீன் வேர், கலங்கிய நீரின் தன்மையைக் குறிப்பது. தமிழில் குளத்து நீரும் கலங்குகிறது, மனமும் கலங்குகிறது. மழைவெள்ளத்தில் வரும் செந்நீரைக் 'கலங்கல்' என்றும், நெஞ்சின் நிலைகுலைவைக் 'கலக்கம்' என்றும் சொல்கிறோம். தொடர்பில்லாத இரு மொழிக்குடும்பங்கள், அடிமண் எழும்பித் தெளிவிழந்த நீரைக் கண்டு ஒரே நினைவுக்கு வந்திருக்கின்றன.

நீரின் நினைவு அன்றாட ஆங்கிலத்தில் இன்னும் வற்றவில்லை. செய்யத்தகாததைச் செய்து அகப்பட்டுக்கொண்டவர் 'வெந்நீரில்' இருக்கிறார். தம் ஆற்றலுக்கு மீறிய இக்கட்டில் இருப்பவர் 'ஆழ்நீரில்' இருக்கிறார். செய்வதறியாது திகைப்பவர் 'கடலில்' இருக்கிறார். கரை மறைந்தபின் திசையறியாது தவித்த மாலுமிகளின் வழக்கு அது. இவை அனைத்திலும் துன்பம் ஓர் இடம். மனிதர் அதற்குள் போகிறார், அதற்குள் இருக்கிறார், அதிலிருந்து வெளியேறுகிறார். ஆகையால்தான் 'இன் ட்ரபிள்' என்று உள்ளிடத்தைச் சுட்டும் முன்னிடைச்சொல் அங்கு வருகிறது. தமிழ்ப் பேச்சில் துன்பம் பெரும்பாலும் வலையாகவோ கண்ணியாகவோ உருக்கொள்கிறது. நாம் சிக்குகிறோம், மாட்டிக்கொள்கிறோம், அகப்படுகிறோம். 'சிக்கல்' என்பதே நூலிலும் கூந்தலிலும் விழும் முடிச்சுக்கு உரிய பெயர். ஆங்கிலத் தொடரைத் தமிழில் பெயர்ப்பவர் நீரிலிருந்து வலைக்கு மாறவேண்டியிருப்பது இதனாலேயே. நீரை நீராகவே கொண்டுவந்து, 'அவர் வெந்நீரில் இருக்கிறார்' என எழுதினால், படிப்பவர் அவர் குளித்துக்கொண்டிருப்பதாகவே எண்ணுவார்.

'ட்ரபிள்' என்னும் இதே சொல் வினையை மாற்றிக்கொண்டால் பொருளும் திரும்பிவிடும். துன்பத்தில் 'இருத்தல்' இக்கட்டு. ஒன்றைச் செய்வதில் துன்பம் 'உடைமை' கடினம். எடுத்துக்காட்டாக, இரவில் கண் தெரியாமல் இடர்ப்படுவது. துன்பத்தை 'எடுத்துக்கொள்ளுதல்' முயற்சி. ஒருவர் நமக்காகச் சிரமம் மேற்கொண்டு ஒரு செயலை முடித்தால், அவர் 'டேக் த ட்ரபிள்' செய்தார் என்பர். வந்து சேர்ந்தால் துன்பம். நாமே ஏற்றால் முயற்சி. 'பெய்ன்' என்ற சொல்லும் அப்படியே. தண்டனையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது, ஒருமையில் வலியைக் குறிக்கும். 'டேக் பெய்ன்ஸ்' எனப் பன்மையில் வந்தால் நுட்பமான கவனத்தையும் உழைப்பையும் குறிக்கும். பயணத்தைக் குறிக்கும் 'டிராவல்' என்ற சொல் கடுந்துன்பத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அதன் மூலத்தை மூன்று கழிகளால் ஆன வதைக்கருவி ஒன்றின் பெயரோடு இணைத்துக் காட்டுவர் சொல்லாராய்ச்சியாளர் பலர். வண்டித்தடங்கள்கூடச் சரியாக இல்லாத காலத்தில் நெடும்பயணம் போனவர்கள் அப்பெயரை மறுத்திருக்கமாட்டார்கள்.

தமிழ்ச் சொற்களும் இதே பாதையில் நடந்திருக்கின்றன. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 'வருத்தம்' என்பது உடலின் உழைப்பைக் குறிக்கிறது. இன்றோ அது பெரும்பாலும் மனத்தின் துயரத்தைக் குறிக்கிறது. பழந்தமிழில் 'உழத்தல்' என்றால் துன்புறுதல் என்றும், முயன்று செய்தல் என்றும் இரு பொருளும் உண்டு. 'பாடுபட்டான்' என்றால் உழைத்தான். 'படாதபாடு பட்டான்' என்றால் துன்புற்றான். பேச்சுவழக்கில் 'மெனக்கெட்டு வந்தீர்களே' என்கிறோம். அச்சொல் 'வினைக்கெட்டு' என்பதன் மரூஉ. தன் வேலை கெட, அதாவது தன் பொழுதை இழந்து, பிறருக்காக ஒன்றைச் செய்வதே மெனக்கெடுதல். ஆங்கிலத்தின் 'டேக் த ட்ரபிள்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழை நான் கண்டதில்லை. எழுத்துநடையில் அதற்கு இடந்தர நாம் ஏனோ தயங்குகிறோம்.

முழங்கையின் மசகு

முயற்சியைச் சொல்லும் ஆங்கில வழக்குகளில் உடல் முன்னிற்கிறது. பிறருக்கு உதவப் பெரிதும் முயல்பவர் 'முதுகு பின்புறம் வளையும்வரை' வளைகிறார். தம் வழியை விட்டு விலகிச் சென்று உதவுபவரும் உண்டு. குழுவில் தம் பங்கைச் சரிவரச் செய்பவர் 'தம் எடையை இழுக்கிறார்'. படகுப்போட்டியில் துடுப்பு வலிப்பவர், தம் உடலின் எடையை நகர்த்தும் அளவுக்கேனும் வலிக்கவேண்டும் என்பதிலிருந்து வந்த வழக்கு அது. இரவெல்லாம் விழித்துப் படிப்பவர் 'நள்ளிரவின் எண்ணெயை எரிக்கிறார்'. மின்விளக்கு வந்து நூறாண்டுக்கு மேலாகியும் அந்த எண்ணெய் தீரவில்லை.

இவற்றுள் சுவைமிக்கது 'எல்போ கிரீஸ்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் முழங்கையின் மசகு. பாத்திரம் பளபளக்கவும், மேசை மெருகேறவும் விலைக்கு வாங்கிய எண்ணெயைவிடக் கை ஓயத் தேய்க்கும் உழைப்பே வேண்டும் என்ற கருத்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் இத்தொடர் எழுத்தில் காணப்படுகிறது. இங்கிலாந்தின் தொழிற்கூடங்களில் புதிதாகச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் ஒரு டப்பா முழங்கை மசகு வாங்கிவா என்று மூத்த தொழிலாளர்கள் அனுப்புவது வழக்கமான கேலி. தொடரின் பொருளை அறியாதவன் கடைகடையாக அலைந்து திரும்புவான். தாய்மொழிக்காரனே ஏமாறுகின்ற இடத்தில், அயல்மொழியாகக் கற்பவர் தடுமாறுவதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

1940ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், பிரதமராகப் பொறுப்பேற்ற மூன்றாம் நாளில், வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார். போர்க்கால நாட்டுக்குத் தாம் தரக்கூடியவை என நான்கைக் குறிப்பிட்டார். அவை குருதி, உழைப்பு, கண்ணீர், வியர்வை. மக்கள் நினைவில் இவற்றுள் மூன்றே நின்றன. பலர் இன்று அதைக் குருதி, வியர்வை, கண்ணீர் என்றே சொல்கிறார்கள். விடுபட்டுப்போனது உழைப்பு. கண்ணால் காணக்கூடிய மூன்றும் தங்கிவிட, காணமுடியாத ஒன்று நழுவிவிட்டது. முயற்சியைச் சொல்லவந்த தொடரிலிருந்தே முயற்சி விடைபெற்றுக்கொண்டது.

'கொஞ்சம்' என்னும் சொல்

இதுவரை கண்டவை சொற்களின் பொருள். அவற்றின் எடையை அறிவது இன்னும் அரிது. ஒருவர் நமக்காகப் பத்துக் கல் தொலைவு வண்டியோட்டி வந்து மருந்து தருகிறார். சிரமம் கொடுத்துவிட்டேன் என்கிறோம். அவரோ, சிரமமே இல்லை என்கிறார். 'நோ ட்ரபிள் அட் ஆல்' என்ற இவ்விடை உண்மைநிலையைக் கூறுவதன்று. உதவி பெற்றவர் கடன்பட்டவராக உணரக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படுவது. கேட்பவரும் அவ்வாறே கொள்கிறார். இருவரும் உண்மையை அறிந்தே அதைச் சுருக்கிப் பேசுகிறார்கள்.

சுருக்குவதற்கு ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் கருவி 'எ பிட்'. இதற்குச் சிறு துண்டு என்று பொருள். உதவி கேட்கும்போதும், குறை கூறும்போதும், மறுக்கும்போதும் இது முன்வந்து நிற்கும். தமிழர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை; நம்மிடம் 'கொஞ்சம்' இருக்கிறது. 'கொஞ்சம் இங்கே வாருங்கள்' என்றால் பாதி தூரம் வந்து நிற்பார் இல்லை. நாளைக்குள் இவ்வேலை முடியுமா என்று தையற்காரரிடம் கேட்கிறோம். 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்கிறார். முடியாது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. 'பார்க்கலாம்' என்பதும் பல நேரங்களில் மறுப்பே. ஆங்கிலேயர் 'ஐ வில் ட்ரை' என்று முயல்வதாகச் சொல்வதும் பல நேரங்களில் அத்தகையதே. தமிழை அகராதி வழியாக மட்டும் கற்ற ஒருவர், தையற்காரரின் விடையைக் கேட்டுவிட்டு மறுநாள் துணிக்கு வந்து நிற்பார்.

அயர்லாந்தில் இச்சுருக்கம் மிக ஆழமாக வேரோடியது. அங்கே இறப்பு நேர்ந்த வீட்டுக்குச் செல்பவர் உறவினரின் கையைப் பற்றி, 'ஸாரி ஃபார் யுவர் ட்ரபிள்' என்பார். உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறேன் என்பது சொற்பொருள், சொல்லப்படுவதோ உயிரிழப்பு. 1960களின் இறுதியில் தொடங்கி 1998ஆம் ஆண்டின் பெரியவெள்ளி உடன்படிக்கை வரை வடஅயர்லாந்தில் நடந்த மோதல்களில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்காலம் முழுவதற்கும் அம்மக்கள் இட்ட பெயர் 'த ட்ரபிள்ஸ்'. பால்காரர் வரவில்லை என்றாலும் ட்ரபிள். முப்பதாண்டுக் குருதியும் ட்ரபிள். ஈழத்தமிழரும் தம் ஊரை விட்டுப் பெயர்ந்த போர்க்காலத்தைப் பேச்சில் 'பிரச்சினை' என்ற ஒற்றைச் சொல்லால் சுட்டுவதுண்டு. பெரிய சொல்லால் சுமக்கமுடியாததைச் சிறிய சொல்லில் ஏற்றிவைக்கிறார்கள் போலும். இத்தகைய வழக்கை வெறும் அடக்கம் என்று கூறிவிட என் மனம் ஒப்பவில்லை.

சுருக்கிச் சொன்ன சொல்லைக் கேட்பவர் தம் மனத்துள் விரித்துக்கொள்ளவேண்டும். அவ்வாறு விரிக்கத் தெரியாதவர் எதிரில் இருந்தால் என்ன ஆகும்?

கொரியப் போரின்போது, 1951ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படை பெருந்திரளாகத் தாக்கியது. குளோஸ்டர்ஷயர் படையணி ஒரு குன்றின்மேல் சூழப்பட்டது. பிரிட்டிஷ் தளபதி டாம் பிராடி, தமக்கு மேலதிகாரியாக இருந்த அமெரிக்கத் தளபதியிடம் நிலைமையைத் தெரிவித்தபோது, 'எ பிட் ஸ்டிக்கி' என்றார் எனப் போர் வரலாறுகள் கூறுகின்றன. கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்பது அதன் சொற்பொருள். பிரிட்டிஷ் படைவீரர் வழக்கில் அது பேரிடர். அமெரிக்கரின் செவியில் அது சிறு இடைஞ்சல். நிலைமை கைக்குள் இருக்கிறது என்றே அவர் எடுத்துக்கொண்டார் என்பர். குளோஸ்டர்ஷயர் படையணி அவ்விடத்திலேயே நின்று போரிட்டது. அதன் வீரர்களுள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். ஒரு தோல்விக்கு ஒரு சொல் மட்டுமே காரணமாகிவிடாது. எனினும் தாய்மொழி ஒன்றாகவே இருந்த இருவரிடையே இது நிகழ்ந்தது என்பதைக் கருதவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், நிலவை நோக்கிச் சென்ற அப்போலோ 13 விண்கலத்தின் உயிர்வளிக் கலன் ஒன்று வெடித்தது. புவியிலிருந்து மூன்று இலட்சம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்த செய்தி, தங்களுக்கு ஒரு சிக்கல் ஏற்பட்டிருக்கிறது என்பதே. அதனை முதலில் கூறியவர் ஜாக் ஸ்விகர்ட்; திரும்பக் கூறியவர் ஜிம் லவல். 1995ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் அது, சிக்கல் இருக்கிறது என நிகழ்காலமாக மாற்றப்பட்டது. இன்று உலகம் மேற்கோளாகக் காட்டுவது திரைப்படத்தின் தொடரையே. மூவரும் ஏப்ரல் 17ஆம் நாள் பாதுகாப்பாகப் புவிக்குத் திரும்பினர்.

சொல்லப்படாத ஒரு சொல்

தாய்மொழி வேறாக இருப்பவர்கள், ஆங்கிலத்தில் தம் இடரைச் சொல்லவேண்டிய நெருக்கடியும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலிருந்து நியூயார்க் நகரின் கென்னடி விமானநிலையத்துக்கு ஏவியான்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம் வந்தது. அதில் 158 பேர் இருந்தனர். விமானிகளின் தாய்மொழி ஸ்பானிஷ். அன்று வானிலை மோசமாக இருந்ததால் தரையிறங்க வேண்டிய விமானங்கள் வரிசையில் காத்திருந்தன. மூன்று இடங்களில் வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும்படி இவ்விமானத்துக்கும் கூறப்பட்டது. அக்காத்திருப்பு மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது.

தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர்களோடு ஆங்கிலத்தில் பேசியவர் துணைவிமானி. தங்களுக்கு 'முன்னுரிமை' தேவைப்படுவதாக அவர் தெரிவித்தார். ஆங்கிலத்தில் முன்னுரிமை என்பது வரிசையில் சற்று முன்னே விடுவது. ஸ்பானிஷ் பேசுவோர் அச்சொல்லில் இதைவிட மிகுந்த அவசரத்தைக் கேட்கின்றனர் எனப் பின்னாளில் வாதிடப்பட்டது. முதல்முறை தரையிறங்க முயன்றபோது ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. விமானம் மீண்டும் மேலெழுந்தது. நெருக்கடிநிலையில் இருப்பதாகச் சொல்லும்படி தலைமை விமானி தம் தாய்மொழியில் துணைவிமானியிடம் கூறியது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருக்கிறது. துணைவிமானி ஆங்கிலத்தில் தெரிவித்ததோ, மீண்டும் ஒருமுறை முயல்கிறோம், எங்களுக்கு எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதே.

இத்தொடரில் பிழை ஏதுமில்லை. இலக்கணம் சரி, செய்தியும் உண்மை. ஆனால் எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது பறக்கும் எந்த விமானத்துக்கும் எப்போதும் நிகழ்வதுதான். நீண்ட நேரம் காத்திருக்கும் எவரும் அதைச் சொல்வார்கள். அன்றாடப் பேச்சின் தேய்ந்த தொடர் ஒன்று, அதன் முழுச்சொற்பொருளில், உயிர்போகும் உண்மையாக அன்று வந்தது. கேட்டவர்களின் செவிக்கோ அது அன்றாடத் தொடராகவே பட்டது. 'எமர்ஜென்சி' என்ற சொல்லோ, 'மேடே' என்ற சொல்லோ அவ்விமானத்திலிருந்து கட்டுப்பாட்டாளர்களை எட்டவேயில்லை. ஆகையால் விமானத்துக்கு உரிய அவசர வழி திறக்கப்படவும் இல்லை. சில நிமிடங்களில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. லாங் ஐலண்டு தீவில் கோவ் நெக் என்னும் ஊரின் மரங்கள் சூழ்ந்த மலைச்சரிவில் விமானம் விழுந்தது. எழுபத்துமூவர் இறந்தனர். விழுந்த விமானம் தீப்பற்றவில்லை. பற்றுவதற்கு எரிபொருள் இல்லை.

துணைவிமானி ஏன் அச்சொல்லைச் சொல்லவில்லை? மேலதிகாரி முன்னும் அயல்மொழி முன்னும் நிற்பவரின் தயக்கம் நம்மில் பலருக்கும் புதிதன்று. தேர்வறையில் குடிநீர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கவேண்டிய நிலை வந்தால், 'வாட்டர்' என்று சொல்வதற்குள் எத்தனை முறை மனத்துள் ஒத்திகை பார்க்கிறோம்! பணிவாகப் பேசக் கற்றவர், அப்பணிவைக் கழற்றிவைக்கவேண்டிய நொடியைக் கற்காமல் போயிருக்கலாம். ஆயினும் குறையை அவர் ஒருவர்மீது மட்டும் சுமத்துவது முறையன்று. நெருக்கடியை விமானிகள் தெரிவிக்காததைச் சுட்டிய அமெரிக்க விசாரணை அமைப்பு, போக்குவரத்து ஒழுங்கில் இருந்த குறையையும், எரிபொருள் நிலையைக் குறிக்க விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் பொதுவான, வரையறுத்த சொற்கள் இல்லாததையும் காரணங்களாகச் சேர்த்தே எழுதியது.

எடை குறையாத சொற்கள்

அன்றாடச் சொல் தேயும். ஆளுக்கு ஆள் அதன் எடை மாறும். ஆகவே எவராலும் சுருக்கமுடியாத சொல் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வானொலி விமானங்களில் புகுந்த காலத்திலேயே எழுந்தது. 1920களின் தொடக்கத்தில், இலண்டனை அடுத்த கிராய்டன் விமானநிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டிடம், இடரில் உள்ள விமானிகள் அழைப்பதற்கு எளிதில் புரியும் சொல் ஒன்றைத் தரும்படி கேட்கப்பட்டது. அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிஸுக்கே சென்றுவந்தன. எனவே எனக்கு உதவுங்கள் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியையொட்டி 'மேடே' என்ற சொல்லை அவர் அமைத்தார். 1927ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அதனை மூன்று முறை அடுத்தடுத்துச் சொல்லவேண்டும். அதற்கு அடுத்த நிலையான அவசரத்துக்கு 'பான் பான்' என்று மற்றொரு சொல் உண்டு. அதுவும் பிரெஞ்சின் கொடையே. ஆங்கிலம் பேசுவோர் அன்றாடம் வழங்காத ஒலியாக இருந்ததே இச்சொற்களின் வலிமை. வீட்டிலும் கடைத்தெருவிலும் புழங்காததால் அவை தேயவில்லை.

எரிபொருளுக்கும் பின்னர் இத்தகைய வரையறை வந்தது. இனியும் காலம் தாழ்ந்தால் காப்பு எரிபொருளில் கைவைக்க நேரும் என்ற நிலைக்கு 'மினிமம் ஃப்யூயல்' என ஒரு தொடர். அக்காப்பு எரிபொருள் குறையாமல் தரையிறங்க முடியாது என்ற நிலைக்கு 'மேடே ஃப்யூயல்' என வேறொரு தொடர். ஜெட் விமானங்களுக்கு அந்தக் காப்பு என்பது முப்பது நிமிடம் பறப்பதற்கான அளவு. 'கொஞ்சம்', 'சற்று', 'தீர்ந்துகொண்டிருக்கிறது' என்பவற்றுக்கு இங்கு இடமில்லை. பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பு, நாடுகளுக்கிடையே பறக்கும் விமானிகளும் அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் ஆறு நிலைகளுள் நான்காம் நிலையையேனும் எட்டியிருக்கவேண்டும் என்ற விதியை 2008ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தியது. எதிர்பாராத நிகழ்வொன்றைத் தம் சொற்களில் விளங்கச் சொல்லும் திறனும் அத்தேர்வில் அளக்கப்படுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் அங்கு ஒரு கடமை இருக்கிறது. வழக்குத்தொடர்களையும் வட்டாரச் சொற்களையும் அவர்கள் வானொலியில் தவிர்க்கவேண்டும். முழங்கை மசகு தரையோடு சரி.

ஜாவா தீவின் வானில் சிறிய சிக்கலைப் பற்றிப் பேசிய அந்த விமானத்துக்கு மீண்டும் வருவோம். பயணிகளுக்கு அவ்வாறு சொன்ன அதே குழு, தரையோடு வேறு மொழியில் பேசியது. துணைவிமானி ஜகார்த்தாவை அழைத்து 'மேடே' என்று அறிவித்து, நான்கு இயந்திரங்களையும் இழந்துவிட்டோம் என்று ஒளிவுமறைவின்றிக் கூறினார். 'சிறிய' என்ற சொல் அதில் இல்லை. எனினும் ஜகார்த்தாவின் கட்டுப்பாட்டாளர்கள் அதனை நான்காம் எண் இயந்திரம் நின்றுவிட்டது என்றே விளங்கிக்கொண்டார்கள். அருகே பறந்த இந்தோனேசியாவின் கருடா நிறுவன விமானம் ஒன்று இடைபுகுந்து, நின்றவை நான்கும் என எடுத்துரைத்த பின்னரே செய்தி தரையைச் சேர்ந்தது.